எந்த உப்பு

மாசி மாதம் அவள் போனாள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆடி வந்துவிட்டது. ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவள். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்வதில் குற்றம் இருக்காது. காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன். அம்மன் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற பயம் எனக்கு உண்டு.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகிற வழியில் கருவாடு விற்ற அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. பெயர் சொல்லப்போவதில்லை. ஐந்து வருடம் அவளோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன். ஒரு இடத்தில்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டோக்கன் நம்பர்தான். இப்போது நான் மட்டும் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அதுதான் அவள் குணம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றால் நாலே முக்காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். தருகிறேன் என்றால் தருவாள். பேசமாட்டேன் என்றால் பேசமாட்டாள். தன் நாத்தனாரோடு அப்படிப் பதினோரு வருடம் பேசாமல் இருந்து, அந்த அம்மாள் செத்தபோது பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து மூன்று மணிநேரம் பேசினாள்.

அணுமின் நிலையத்து டவுன்ஷிப்பில் இருந்து ஸ்கூட்டரில் வரும் ஒரு அம்மா ஒருநாள் வஞ்சிரக் கருவாட்டைப் பார்த்துவிட்டு, “எடுத்து வைங்க, புதன்கிழமை வந்து வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். புதன் போனது. அடுத்த புதனும் போனது. இடையில் எத்தனையோ பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மூன்றாவது புதன் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் கேட்டுக்கே போய்விட்டாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றாள். ஆபீஸ் விட்டு ஸ்கூட்டர் வந்தபோது குறுக்கே போய் நிறுத்தினாள்.

“இன்னாம்மா, புதன்கெழமைன்னா உங்க ஊர்ல எந்தக் கெழம?”

அந்த அம்மாவுக்கு ஆளே ஞாபகம் வரவில்லை.

“நீ மறந்துட்ட. மீனு மறக்கல. நானும் மறக்கல. இந்தா புடி. டப்பு வோணாம். இனிமே என் கடையாண்ட வந்து வாயத் தொறக்காத. சொன்னா அது வாயி. சொல்லிட்டு வராட்டி அது வெறும் ஓட்ட.”

இதைத் தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் குணமே அவளைக் கொல்லப் பார்க்கும் என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

அக்காவுக்கு அறுபத்தேழு வயது. சர்க்கரை வந்து இருபது வருடம். அதற்குப் பின்னால் பிரஷர். பிறகு தைராய்டு. பிறகு இரண்டு முட்டியும் தேய்ந்தது. பிறகு ஒரு கண்ணில் சர்க்கரை இறங்கிப் பார்வை மங்கியது. கடைசியாகக் கிட்னி. அவள் இதை வேறு மாதிரி சொல்லுவாள்.

“என் ஒடம்புல ஆறு குடித்தனம் கீதுடி. ஒருத்தன் வூட்டுக்கு ஒருத்தன் போவமாட்டான். பேச்சுவார்த்தையே இல்ல. வாடக மட்டும் நான் எல்லாருக்கும் குட்த்துகினு கீறேன்.”

டாக்டர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சர்க்கரைக்குச் செங்கல்பட்டில் ஒரு கிளினிக். முட்டிக்கு அதே ரோட்டில் வேறொரு டாக்டர். கண்ணுக்கு வேறு இடம். எந்த இடத்தின் பேரையும் நான் சொல்லப்போவதில்லை. பேர் சொன்னால் அவர்கள் மட்டும்தான் தப்பு செய்தவர்கள் என்று ஆகிவிடும். முட்டி டாக்டர் முட்டியை மட்டும் அமுக்கிப் பார்ப்பார். கண் டாக்டர் கண்ணில் டார்ச் அடிப்பார். “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று எப்போதாவது ஒருவர் கேட்டால், நான் மஞ்சள் பையைத் திறந்து சீட்டுகளைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மாத்திரை ஒருநாளைக்குப் பதினான்கு. அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மீன் தெரியும். மாத்திரைகளை முறத்தில் கொட்டி, கருவாடு தரம் பிரிப்பது போலப் பிரிப்பாள். தட்டையான பெரிய வெள்ளை மாத்திரை வவ்வால். சின்ன வெள்ளை நெத்திலி. சிவப்பு சங்கரா. நீட்டமாக இருப்பது வாளை. “காத்தால ஒரு வவ்வாலு, ரெண்டு நெத்திலி. மதியம் வாளை. சாய்ந்தரம் சங்கரா.” அவள் மகன் கேளம்பாக்கத்தில் கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். “மாத்திரை துன்னியாம்மா?” என்பான். “துன்னேன்டா, மார்க்கெட்டு மொத்தமும் துன்னேன்” என்பாள். அதோடு போன் முடிந்துவிடும். அவனையும் குறை சொல்லி என்ன. அவன் கேட்டது அந்த ஒரு கேள்விதான், ஆனால் வாராவாரம் தவறாமல் கேட்டான்.

ஒருமுறை மருந்துக்கடையில் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்துவிட்டார்கள். வவ்வால் நெத்திலியாக மாறிவிட்டது. பழைய அட்டையில் வவ்வால் மிச்சம் இருந்தது. அவள் இரண்டையும் சாப்பிட்டாள். சர்க்கரை இறங்கி, கடையில் உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது. என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தப் பக்கம் வந்தவர் பார்த்துவிட்டு டீக்கடைச் சர்க்கரையை வாயில் போட்டார். கண்ணைத் திறந்ததும் அக்கா கேட்டது: “நான் இன்னா தப்பு பண்ணேன்? சொன்னத்தான துன்னேன்?”

அதுதான் எனக்கு ஆத்திரம். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதைத்தான் செய்தாள்.

கடையில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, கண்ணை அமுக்கி, நாலு கேள்வி கேட்டுத்தான் மீனை எடுப்பாள். அப்படிப்பட்டவள் வெள்ளைக் கோட்டு முன்னால் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். “சரிங்க. சரிங்க.” அவ்வளவுதான் வரும். வெளியே வந்ததும் நான் சண்டை போடுவேன்.

“ஏன்க்கா, எதுக்கு இந்த மாத்திரைன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

“படிச்சவங்கடி. அவங்களாண்ட போயி செவுளத் தூக்கிப் பாக்கச் சொல்றியா?”

“நீ கேக்காட்டி நான் கேக்கறேன்.”

“நீ ஒண்ணும் கேக்க வோணாம். கேட்டா அடுத்த வாட்டி ஊசிய அழுத்திக் குத்துவாங்க.”

நானும் கேட்கவில்லை. பெருமைக்கு ஒன்பதாவது படித்தேன். கேட்கப் படிக்கவில்லை.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சர்க்கரை கிளினிக்கில் ரத்தம் எடுத்திருந்தார்கள். அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார், என்னவோ எழுதினார், தலையை ஆட்டினார். நாங்கள் வெளியே வந்தோம். கவுன்ட்டரில் இருந்த சிஸ்டர்தான் சீட்டைப் படித்துச் சொன்னது.

“பாட்டிமா, உப்பு ஏறியிருக்கு. கிட்னியில உப்பு ஜாஸ்தி. இனிமே உப்பைக் குறைச்சுடணும், என்ன? நீர் போறதுக்கு ஒரு மாத்திரை சேர்த்திருக்கு. மறுபடி ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க. அடுத்தது யாரு, நாப்பத்தொண்ணு.”

அவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்கும். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஒரு கழிவு ஏறும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர். ஆஸ்பத்திரிக்காரர்கள் நமக்காக அதை உப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். அது சமையலறை உப்பு இல்லை. இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு கருவாட்டுக்காரியிடம், உன் உடம்பில் உப்பு ஏறிவிட்டது என்று சொன்னார்கள்.

பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் வந்தால் எப்போதும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கும்பிடுவாள். அன்று கும்பிடக் கையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்தி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து வெளுத்துப்போன கை.

“நாப்பது வருசமா உப்புல வெச்ச கைடி இது. கை வழியாத்தான் ஏறிகீது.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. இதற்குத்தான் நான் என்னை மன்னிக்காமல் வைத்திருக்கிறேன். சரிதான் அக்கா, அப்படித்தான் இருக்கும் என்று நான் என் வாயால் சொன்னேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினவள் நேராக எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று சத்தமாகச் சொன்னாள்: “தாயே, இந்த உப்பு எறங்கற வரைக்கும் என் நாக்குல உப்பு வெக்கமாட்டேன். இது உம்மேல சத்தியம்.” சிஸ்டர் குறைக்கத்தான் சொன்னது. அக்காவுக்குக் குறைப்பது என்றால் என்னவென்று தெரியாது. ஒன்று செய்வாள், இல்லாவிட்டால் செய்யமாட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்கு ஓடிப்போய்க் கல்லுப்பும் மிளகும் வாங்கிவந்து பலிபீடத்தில் அவளுக்காகக் கொட்டினேன். எங்கள் பக்கத்தில் நோய்க்கு அப்படிச் செய்வது வழக்கம். மழையிலும் பனியிலும் அந்த உப்பு கரையக் கரைய உடம்பில் உள்ள நோயும் கரையும் என்று நம்பிக்கை. எனக்கு இன்றைக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நான் உண்மையாக வேண்டித்தான் கொட்டினேன்.

அன்றிலிருந்து கடையில் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர்பேண்ட் போட்டுக்கொண்டு கருவாட்டைத் தொடுவாள். பக்கத்துக் கடைக்காரி கேலி செய்தாள்.

“இன்னா யக்கா, மீனுக்கு ஆபரேசனா? எத்தினி மணிக்கு தேட்டருக்கு இட்டுனு போற?”

“உன் வாய்க்கித்தான்டி ஆபரேசன். மொதல்ல நீ படு.”

வீட்டில் உப்பில்லாத கஞ்சி. உப்பில்லாத புளித்தண்ணீர். உள்ளே இருக்கும் உப்பைக் கழுவ வேண்டும் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கூடவே நீர் போகிற மாத்திரை. கால் வீக்கம் வடிந்ததைப் பார்த்து எங்களுக்குச் சந்தோஷம். “எறங்குதுடி” என்பாள். “எறங்கட்டும்க்கா” என்பேன். ஒருநாள் கஞ்சியை எடுத்து நான் வாயில் வைத்துப் பார்த்தேன். குமட்டியது. எப்படிக்கா குடிக்கிறாய் என்றேன்.

“சொல்லிட்டேன்ல.”

இருபது, இருபத்தைந்து நாள் போயிருக்கும். மீன் பேர் மாறத் தொடங்கியது. வவ்வாலைக் காட்டி வாளை என்றாள். வாடிக்கையாகக் கருவாடு வாங்குகிறவரிடம் தன் கல்யாணத்துக்கு வந்தீர்களா என்று கேட்டாள். நடக்கும்போது கால் பின்னியது. வயசாகிறது, வெயில் வேறு என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

ஆடி மூன்றாவது ஞாயிறு. கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். பம்பை அடிக்கிறார்கள். வரிசையில் நின்ற அக்கா திடீரென்று தலையை ஒரு பக்கமாக ஆட்டினாள். உடம்பு தள்ளாடியது. கண் மேலே செருகியது. யாருக்கும் புரியாமல் என்னவோ பேசினாள்.

“ஆத்தா வந்துட்டா” என்றது ஒரு குரல்.

எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து குறி கேட்டார்கள். அக்கா மேல் இதற்கு முன் ஒருநாளும் சாமி வந்ததில்லை. இத்தனை வருஷம் வராதவள் இன்றைக்கு வந்திருக்கிறாள் என்றால் அந்த விரதம்தான் காரணம் என்று நானே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். அப்புறம் நானும் போய் அவள் காலில் விழுந்து கேட்டேன்.

“தாயே, எம்பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?”

அவள் என்னைப் பார்த்தாள். என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. வாயின் ஓரத்தில் எச்சில் வழிந்தது.

“நெத்திலி ரெண்டு. நெத்திலி ரெண்டு.”

“ரெண்டு மாசத்துல ஆவும்னு சொல்றாடி” என்றார்கள் பின்னால். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அவள் தன் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தாள். செத்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூழ்ப்பானைக்கு ஆட்டோவில் தண்ணீர் கொண்டுவந்த என் வீட்டுக்காரர்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கோயிலுக்கு அதிகம் வராதவர். அதற்காக நான் அவரைப் பல நாள் திட்டியிருக்கிறேன். குனிந்து அக்காவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

“சாமியும் இல்ல, பூதமும் இல்ல. மூள கலங்கிப்போயி கெடக்குது. தூக்குங்க.”

“அபச்சாரமாப் பேசாதீங்க” என்றேன்.

“அபச்சாரம் அப்பறம் பாத்துக்கலாம். காலப் புடி.”

அவர் பிடிக்கச் சொன்ன அதே நேரம் அக்காவுக்கு வலிப்பு வந்தது. பம்பைக்காரர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் அவளை என் மடியில் போட்டுக்கொண்டு, அவள் வீட்டிலிருந்து மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலையைத் தாண்டும்போது அவளுக்குப் பதிலாக நான் கும்பிட்டேன். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. என் பெண்ணைவிட நாலைந்து வயசுதான் அதிகம் இருக்கும். வலிப்புக்கு ஊசி போட்டுவிட்டு, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “வீட்ல என்ன சாப்பிடறாங்க?”

இருபது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

“கஞ்சிம்மா. உப்பு போடாம.”

“சுத்தமா போடாமலா? எத்தனை நாளா?”

சொன்னேன். தண்ணீர் குடித்ததையும் சொன்னேன். மஞ்சள் பையை அவரே வாங்கி, கட்டில் ஓரத்தில் எல்லா அட்டைகளையும் கொட்டினார். ரிசல்ட் வந்ததும் முகம் மாறியது.

“ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிடுச்சு. அதனாலதான் வலிப்பு. இப்ப சொட்டுசொட்டா உப்பு ஏத்தணும். வேகமா ஏத்தக்கூடாது, மூளைக்கு ஆபத்து.”

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உப்பு ஏறிப்போச்சுன்னு சொன்னதும் நீங்க. உப்பு ஏத்தணும்னு சொல்றதும் நீங்க. ஏறினத எறக்கறதுக்கு ஒரு மாசமா நாக்குல ஒரு கல்லு வெக்காம கெடந்தா அந்தப் பொம்பள. இன்னா விளையாடறீங்களா? எங்களப் பாத்தா எப்படிக் கீது உங்களுக்கு?”

அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. பழைய சீட்டைப் பார்த்தார்.

“அது வேற உப்பும்மா. இது வேற உப்பு.”

“அப்ப அதுக்கு வேற பேரு வைங்க.”

“வைக்கணும்” என்றார். “தப்புதான். ஜனங்களுக்குப் புரியட்டும்னு உப்புன்னு சொல்லிப் பழகிட்டோம்.”

“புரிஞ்சதும்மா. எங்களுக்கு நல்லாப் புரிஞ்சிது. அதான் இந்த கதி.”

அவரிடம் கத்தியிருக்கக்கூடாது. அவர் ஒருவர்தான் எங்களை மனுஷராக நடத்தினார். ஆனால் அங்கே கத்த வேண்டியவர்கள் யாரும் இல்லை, அவர் இருந்தார். பிறகு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்தார். ஒரே மருந்து இரண்டு பேரில் இருந்தது, ஒன்றை எடுத்தார். நீர் மாத்திரையை நிறுத்தினார். முட்டி வலி மாத்திரையைத் தனியாக வைத்து, இது கிட்னிக்கு ஆகவே ஆகாது, யார் கொடுத்தது என்றார். வவ்வாலும் நெத்திலியும் சங்கராவும் அந்தக் கட்டிலில் கிடந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. “இது எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு யாரும் பாக்கலையா?” என்றார்.

“நீங்கதாம்மா மொதல்ல.”

மூன்றாம் நாள் அக்காவுக்கு நினைவு வந்தது. மகன் லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். உப்பு போட்ட கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனான். நாக்கு நுனியில் பட்டதும் துப்பிவிட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“யம்மா, டாக்டரே சொல்றாங்கம்மா. துன்னும்மா.”

தலையை ஆட்டினாள். மாட்டேன்.

“நீ இப்ப துன்னாட்டி மறுபடியும் வலிப்பு வரும்மா. பேஜாரு பண்ணாத.”

“அம்மன் மேல சத்தியம் பண்ணிகீறேன்டா.” குரல் எழும்பவே இல்லை. ஆனால் அது அவள் குரல்தான்.

அவன் அழுதான், திட்டினான், அவள் காலைப் பிடித்தான். நான் சொல்லிப் பார்த்தேன். அம்மன் மன்னிப்பாள், நான் பரிகாரம் செய்கிறேன் என்றேன். “உன் பரிகாரம் உனக்கு. என் வாக்கு எனக்கு” என்றாள். மூன்று நாள் முன்னால் செத்துப் பிழைத்தவள். எனக்கு அவள் வாயைப் பிளந்து ஊட்டிவிடலாம் போல வெறி வந்தது. இவ்வளவு சொன்ன சொல் மாறாதவளாக இருந்து யாருக்கு என்ன லாபம்? சொன்னவர்கள் எல்லாம் மறந்துவிட்டு வீட்டில் தூங்குகிறார்கள்.

டாக்டரம்மா வந்தபோது சத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னன்னு சத்தியம் பண்ணீங்க? அப்படியே சொல்லுங்க” என்றார்.

“இந்த உப்பு எறங்கற வரைக்கும் நாக்குல உப்பு வெக்கமாட்டேன்னு.”

“சரி. இறங்கிடுச்சும்மா.”

அக்கா அவரையே பார்த்தாள்.

“ரொம்பவே இறங்கிடுச்சு. நான் ரிசல்ட் பார்த்தேன். பொய் சொல்லல.”

“நெஜமா எறங்கிடுச்சா?”

“நிஜமா.”

அக்கா கண்ணை மூடினாள். கொஞ்சநேரம் உதடு அசைந்தது. அம்மனிடம் கணக்கு முடித்தாள் போலிருக்கிறது. பிறகு மகனைப் பார்த்து வாயைத் திறந்தாள். முதல் வாய் கஞ்சியை விழுங்காமல் நாக்கிலேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். ஆனால் முழுசாக வரவில்லை. பாதி மீன் பேர் போய்விட்டது. கடையில் உட்காருவாள், விற்பதற்குப் பக்கத்துக் கடைக்காரி உதவுவாள். ஒன்று மட்டும் புதிதாக வந்தது. கேள்வி. உடம்பு தேறி அந்தச் சர்க்கரை கிளினிக்குக்கு அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே சிஸ்டர்.

“யம்மா, அன்னிக்கி உப்பு ஏறிகீதுன்னு சொன்னியே. எந்த உப்பு?”

“பாட்டிமா, டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க.”

“உக்கார்றதுக்கு வர்ல. எந்த உப்புன்னு சொல்லு.”

“கூட வந்தவங்க யாருங்க? இவங்களைக் கொஞ்சம் உக்கார வைங்க.”

உட்காரவைக்கவில்லை. நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். சிஸ்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது. அப்படியே வெளியே வந்தோம். அதற்குப் பிறகு அவளுக்கு அதுவே வார்த்தையாகிவிட்டது. மகன் போனில் மாத்திரை துன்னியா என்றால், “எந்த மாத்தர?” மருந்துக்கடையில் அட்டையைக் கொடுத்தால், “எந்த வலிக்கி?” கடைக்கு வந்து கருவாட்டில் உப்பு ஜாஸ்தியா என்று யாராவது கேட்டால், “எந்த உப்பு?” தெருவில் சிலர் சிரித்தார்கள். மூளை கலங்கிவிட்டது என்றார்கள். அவள் வாழ்நாளிலேயே மூளை தெளிந்து இருந்தது அந்த ஆறு மாதம்தான் என்று நான் சொல்லுவேன்.

மாசியில் ஒரு காலை, நெஞ்சுவலி. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. கிட்னியா, சர்க்கரையா, எது என்று கேட்டார்கள். ஆறு குடித்தனத்தில் எந்த வீட்டுக்காரன் கதவைச் சாத்தினான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் படைக்க என் வீட்டு அடுப்பில்தான் சோறு பொங்கியது. எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் படைக்கிற முதல் சோற்றில் உப்பு போடமாட்டார்கள். நான் எதிர்வீட்டுக்குப் போய் அவள் கருவாட்டுச் சாடிக்குப் பக்கத்தில் இருந்த பானையில் கைவிட்டு ஒரு பிடி உப்பு எடுத்து வந்தேன். பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுக் கையைத் தடுத்தார்.

“இன்னாம்மா இது? உப்பு போடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?”

“எந்த உப்பு?” என்றேன்.

அவர் வழக்கம் என்று மட்டும் சொன்னார்.

நான் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போட்டேன். கலக்கி, ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். படைக்கிற சோற்றை முன்னால் ருசி பார்ப்பதும் குற்றம்தான். அந்தக் குற்றமும் என் தலையில் இருக்கட்டும். அளவாக இருந்தது. அவளுக்கு இலை போட்டேன்.